பார்த்தவையும் கண்டவையும்

வெளிநாடு சென்று திரும்பியோர் எழுதும் பயணக் கட்டுரைகள் நம் கத்தோலிக்க இதழ்களில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டன. ஒரு காலத்தில் உரோமையில் இறையியல் பயின்று வந்த குருக்களே இவற்றை எழுதினர். இன்று நிலை வேறு. பணி ஓய்வு பெற்ற பொறியாளர், மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகச் சென்ற தாய், பங்கு மக்களோடு திருநாட்டுக்கும் லூர்து நகருக்கும் திருப்பயணம் போய்வந்த ஆசிரியை எனப் பொதுநிலையினர் பலர் எழுதுகின்றனர். எழுதுகோல் பலர் கைக்கு வந்திருப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்பதோடு நின்றுவிடாமல், இக்கட்டுரைகளின் தரத்தை எண்ணிப் பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

நெய்வேலி நகரியத்தில் மாதந்தோறும் கூடும் நம் சிறிய வாசகர் குழுவில், அண்மையில் இத்தகைய கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் படித்தோம். அச்சில் வந்தவையும் கையெழுத்தாகவே சுற்றில் வந்தவையும் அவற்றுள் அடங்கும். எழுதியோர் பெயரை இங்குக் குறிக்கப் போவதில்லை. நாம் சொல்லப்போகும் குறை ஒருவருடையதன்று. அந்த வகைக்கே உரியது.

அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. விமான நிலையத்தில் தொடங்கும். குளிரும் உணவும் தந்த தொல்லை ஒரு பத்தி. தெருவின் தூய்மை, மக்களின் வரிசை ஒழுங்கு, நிமிடம் தவறாத தொடர்வண்டி ஆகியவை அடுத்த பத்தி. பிறகு பேராலயம், அதன் உயரம், நீளம், கட்டிய ஆண்டு. பின்னர் ஆற்றில் படகுப் பயணம், மலைமேல் கம்பிவட ஊர்தி. ஓரிடத்தில் வழி தவறியோ, கடவுச்சீட்டைக் காணாமலோ தவித்த ஒரு சாகசம். இறுதியில், நம் நாடு என்று இப்படி ஆகும் என்னும் பெருமூச்சு. ஆறு நாள்களோ எட்டு நாள்களோ ஆறேழு பக்கங்களில் முடிந்துவிடும். படித்து முடித்த நாம் ஓர் ஊரின் பெயரை அறிந்திருப்போம்; அந்த ஊரை அறிந்திருக்க மாட்டோம்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சேமநல நிதியிலிருந்து எடுத்த பணத்தில், வாழ்நாளில் ஒரே முறை கடல் கடந்தவரின் வியப்பு மதிப்பிற்குரியது. ஆயினும் பயணக் கட்டுரை எழுதுபவர் தமக்காக மட்டும் எழுதுவதில்லை. அந்த நாட்டை ஒருபோதும் பார்க்கப்போகாத பல்லாயிரவருக்குக் கண்ணாக நின்று எழுதுகிறார். கண் மங்கலாயின் அத்தனை பேரின் பார்வையும் மங்கும்.

தோபியாவின் பயணம்

இத்துறைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமெனில் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. தோபித்து நூலை நாம் பெரும்பாலும் திருமணத் திருப்பலியில் மட்டுமே நினைக்கிறோம். அது ஒரு பயண நூலும் ஆகும். நினிவேயில் நாடுகடத்தப்பட்டு வாழும் தந்தை பார்வை இழந்து கிடக்கிறார். மேதியா நாட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்த வெள்ளியைப் பெற்றுவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணையாக நாட்கூலி பேசி அமர்த்தப்பட்டவரோ வானதூதர் இரபேல். அது தோபியாவுக்குத் தெரியாது. வீட்டு நாயும் உடன் செல்கிறது. தைக்ரீசு ஆற்றங்கரையில் பெரிய மீன் ஒன்று பாய்ந்து இளைஞனின் காலைப் பற்ற வருகிறது. இதனினும் பெரிய சாகசம் எந்தப் பயணக் கட்டுரையில் உண்டு?

அந்தச் சாகசத்தை நூலாசிரியர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மீனைக் கண்டு அஞ்சியதையும் வென்றதையும் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அதன் பித்தப்பையை எடுத்துப் பத்திரப்படுத்தச் செய்கிறார். தோபியா தொலைதூரம் போகிறான், மணமுடிக்கிறான், விருந்துண்கிறான், வெள்ளியையும் பெறுகிறான். வீட்டிலோ தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். மகன் திரும்பி வந்து அந்தப் பித்தைத் தந்தையின் கண்களில் பூசுகிறான். படலம் உரிந்து விழுகிறது. தந்தை மகனைக் காண்கிறார்.

பயணத்தின் பயன் வீட்டில் இருப்பவரின் கண் திறப்பது. நாம் படித்த கட்டுரைகளை இந்த ஒரு கேள்வியால் அளந்து பார்த்தோம். இவர் எதைக் கொண்டுவந்தார்? வெள்ளியை மட்டுமா, கண்ணுக்கு மருந்தையுமா?

நாள்கள் குறைவு என்பது குற்றமா?

சில நாள்களில் என்ன கண்டுவிட முடியும் என்று கேட்போர் உண்டு. நாள்களின் எண்ணிக்கையே தரத்தை முடிவு செய்வதில்லை என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் (1911–1983) தமிழ்ப் பயண இலக்கியத்தின் முதல்வர்களுள் ஒருவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதற்காக உலகின் பல நாடுகளில் அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940-இல் படத்தை வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் அவருடைய நூலும் அதே ஆண்டில் வந்தது.

அவர் பல ஊர்களில் தங்கியதும் சில நாள்களே. அப்படியிருந்தும் அவர் எழுத்து ஏன் நிற்கிறது? அவருக்கு ஒரு பணி இருந்தது. பணி உள்ளவன் கதவைத் தட்டுகிறான். கதவைத் தட்டினால் ஒரு மனிதர் வெளியே வருகிறார். சுற்றிப் பார்க்க மட்டும் போனவனுக்குக் கட்டடங்களே எதிர்ப்படுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. செட்டியார் தம்மை எழுத்தின் நடுவே நிறுத்திக்கொள்வதில்லை. சந்தித்தவர் பேசுகிறார், செட்டியார் ஓரமாக நின்று கேட்கிறார். நம் கட்டுரைகளிலோ பேராலயத்தின் முன்னே எழுதியவரே நிற்கிறார், ஒளிப்படத்தில் நிற்பதுபோல.

பிற்காலத்தில் செட்டியார், தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டி 1968-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். உலகைச் சுற்றியவர், தம் நாட்டைப் பிறர் எப்படிப் பார்த்தனர் என்று அறிய விரும்பினார். இந்த அடக்கத்தையும் நாம் கற்கலாம்.

அடிகளாரின் தேடல்

கத்தோலிக்கராகிய நமக்கு இத்துறையில் இன்னும் நெருங்கிய முன்னோடி ஒருவர் உண்டு. தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார் (1913–1980) யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பிறந்தவர். உரோமையில் குருத்துவப் பயிற்சி பெற்றார். வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் நமக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று பட்டங்கள் பெற்றார். தம் பயண நூலுக்கு அவர் இட்ட பெயர் 'ஒன்றே உலகம்'. அத்தலைப்பைப் படிக்கும்போது கணியன் பூங்குன்றனாரை நினையாத தமிழர் இருக்க முடியாது.

அடிகளாரின் பயணங்களிலும் சாகசம் உண்டு. அது நூலகங்களில் நடந்த சாகசம். தமிழின் முதல் அச்சு நூல்களை ஐரோப்பாவின் நூலக அலமாரிகளில் தேடி, தமிழுலகுக்கு அறிவித்தவர் அவர். அந்தாம் தெ புரோயென்சா பாதிரியார் தொகுத்து 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, அதன் மறுபதிப்பை 1966-இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். அதே ஆண்டில் அதே நகரில்தான் அவருடைய முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. தோபியாவைப்போல் அவரும் நம் கண்ணுக்கு மருந்து கொண்டுவந்தார்.

இங்கே இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1554-ஆம் ஆண்டு லிஸ்பனில் தமிழ்ச் செபநூல் ஒன்று உரோமன் எழுத்துகளில் அச்சாகியது. அதன் தமிழாக்கத்தில் உழைத்தவர்களாக அந்நூல் குறிப்பிடுவோர் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்னும் மூவர். போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய தமிழர்கள்! பொதுநிலைத் தமிழன் கடல் கடந்து போவது இன்று நேற்றுத் தொடங்கிய செய்தியன்று. அவர்கள் லிஸ்பனில் என்ன பார்த்தனர், குளிரில் எப்படி நடுங்கினர் என்பதற்குக் குறிப்பு எதுவும் நம் கைக்கு வரவில்லை. அவர்கள் உழைப்பின் பயனாகிய நூல் மட்டும் 470 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இவ்விடத்தில் ஒரு கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிகளாரின் வழியைப் பின்பற்றுவதாக எண்ணிப் பலர், எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே தமிழின் சுவட்டை மட்டுமே தேடுகின்றனர். ஒரு சொல் தமிழ்போல் ஒலித்தால் போதும்; கட்டுரை முடிந்துவிடும். அடிகளார் அப்படிச் செய்தவர் அல்லர். அவர் இலத்தீனும் இத்தாலியமும் பிரெஞ்சும் ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர். பிறர் மொழியைக் கற்று அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, அதன்பிறகு அங்கே தம் முன்னோரின் பொருளைத் தேடினார். நாமோ வாசலில் நின்றுகொண்டே நம் பொருள் உள்ளே இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். பிறர் முகத்தில் நம் சாயலை மட்டும் தேடினால், அந்த முகத்தைக் காணாமலே திரும்புவோம்.

கொலோனில் நாம் காணாதது

இனி நம் ஊருக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுவோம். குழுவில் படித்த கட்டுரைகளுள் சில ஜெர்மனியைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. நெய்வேலிக்கும் ஜெர்மனிக்கும் நெடுநாள் உறவு உண்டு. நம் சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் அகழும் பெரும் எந்திரங்கள், நம் மக்கள் 'பக்கெட் வீல்' என்றே அழைப்பவை, ஜெர்மானியத் தொழில்நுட்பத்தின் குழந்தைகள். அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. அகழ்வு ஜெர்மானிய எந்திரங்களால் நடந்தது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படலம் முதன்முதலாக வெளிப்பட்டது. 1962-இல் முதல் மின்னாக்கி இயங்கியது. அந்த முதல் அனல்மின் நிலையம் தன் பணியை முடித்து 2020-இல் மூடப்பட்டதையும் நாமே கண்டோம்.

நம் கட்டுரையாளர்கள் ஜெர்மனியில் கொலோன் நகருக்குப் போயிருக்கின்றனர். மூன்று அரசர்களின் திருப்பண்டங்களைத் தாங்கிய பேராலயத்தைப் பார்த்திருக்கின்றனர். 1248-இல் தொடங்கி, நடுவே சில நூற்றாண்டுகள் நின்று, 1880-இல் நிறைவுற்றது அது. 157 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் 533 படிகளை மூச்சிரைக்க ஏறியிருக்கின்றனர். ரைன் ஆற்றில் படகில் போயிருக்கின்றனர். எல்லாம் அழகாகவே எழுதப்பட்டுள்ளன. அந்த மூன்று அரசர்களும் பயணிகளே என்பதை ஒருவர் நினைவுகூர்ந்திருந்தது நெஞ்சைத் தொட்டது.

ஆனால் அந்தப் பேராலயத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்குள் ஐரோப்பாவின் மிகப் பெரிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன என்பதை ஒரு கட்டுரையும் சொல்லவில்லை. ஹம்பாக், கார்ட்ஸ்வைலர் என்பன அவற்றின் பெயர்கள். 1978-இல் கட்டப்பட்ட, 13,500 டன் எடையுள்ள ஓர் அகழ்வு எந்திரம், 2001-இல் ஹம்பாக்கிலிருந்து கார்ட்ஸ்வைலருக்குச் சாலைகளையும் ஆற்றையும் இருப்புப் பாதையையும் கடந்து, 22 கிலோமீட்டரை ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஊர்ந்து சென்றது. நம் சுரங்கத்து எந்திரங்களின் தமையன் அது. சுரங்கத்தின் விளிம்பில் பொதுமக்கள் நின்று பார்க்க மேடைகளும் உண்டு. சோற்றுக்கு வழி காட்டிய அதே தொழிலின் அண்டை வீட்டைக் கடந்தும் எட்டிப்பாராமல் வந்திருக்கிறோம்.

பார்க்காமல் விட்டது எந்திரத்தை மட்டுமன்று. கார்ட்ஸ்வைலர் சுரங்கம் விரிந்த வழியில் இம்மராத் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே 1888-க்கும் 1891-க்கும் இடையே கட்டப்பட்ட, இரட்டைக் கோபுரம் கொண்ட புனித இலாம்பெர்ட் ஆலயம் நின்றது. சிற்றூரின் அளவுக்கு மிஞ்சிய பேருருவம் காரணமாக மக்கள் அதனை 'இம்மராத் பேராலயம்' என்றே அழைத்தனர். ஊரார் வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். கல்லறைகளில் துயின்றோரும் பெயர்க்கப்பட்டனர். 2013-இல் ஆலயத்தின் வழிபாடு முறைப்படி நிறைவு செய்யப்பட்டது. 2018 சனவரியில் எந்திரங்கள் வந்து கோபுரங்களை இடித்துத் தள்ளின. அதன் அடியில் இருந்ததும் நம் காலடியில் இருப்பது போன்ற பழுப்பு நிலக்கரிதான்.

கொலோன் பேராலயத்தின் 533 படிகளைப் பற்றி நாம் பல பக்கங்கள் படித்தோம். நிலக்கரிக்காக இடிந்த இம்மராத் ஆலயத்தைப் பற்றி ஒரு வரியும் படிக்கவில்லை. நெய்வேலியிலிருந்து போன கத்தோலிக்கரைத் தவிர அதைக் காண உரியவர் வேறு யார்?

ஒரு மறுப்பும் விடையும்

குழுவில் ஒரு நண்பர் இதை மறுத்தார். "ஆயுள் முழுவதும் சுரங்கத்தையே பார்த்தவன், நான்கு நாள் ஓய்வாக வெளிநாடு போனாலும் சுரங்கத்தையேதான் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வு இறைவன் தந்த கொடை. ஏழாம் நாளைத் தூயதாக்கிய திருமறை நம்முடையது. அழகை அழகாகவே துய்ப்பதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு. எல்லாப் பயணக் கட்டுரையும் சமூக ஆய்வாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆயினும் நம் கட்டுரைகள் அழகைத் துய்ப்பதோடு நிற்பதில்லை. அவை ஒப்பிடுகின்றன. அங்கே ஒழுங்கு, இங்கே ஒழுங்கின்மை. அங்கே சட்டம், இங்கே சலுகை என்று தீர்ப்பும் வழங்குகின்றன. தீர்ப்பு வழங்குபவர் இரு தரப்பையும் கேட்டிருக்க வேண்டும். அங்கும் ஊர்கள் பெயர்ந்தன என்று அறிந்தவரே, அங்கே எப்படிப் பெயர்ந்தன, இங்கே எப்படிப் பெயர்ந்தன என்று கேட்க முடியும். இழப்பு அங்கும் ஆறவில்லை. எதிர்த்தோர் அங்கும் பல ஆண்டுகள் போராடினர். ஒப்பிட வேண்டிய இடம் தெருவின் தூய்மையன்று, இதுவே.

இங்கே எப்படிப் பெயர்ந்தன? இக்கேள்விக்கு விடை சொல்ல நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. நம் நகரியத்தின் நேரான சாலைகளும், எண்ணிட்ட வட்டங்களும், நிழல் தரும் மரங்களும் எவருடைய நிலத்தில் நிற்கின்றன? ஊர் என்பது வீடுகள் மட்டுமன்று. கோயிலும் குளமும் களத்துமேடும் இடுகாடும் சேர்ந்ததே ஊர். அவ்வாறான ஊர்கள் ஒவ்வொன்றாகச் சுரங்கத்திற்கு வழிவிட்டன. 2023 சூலையில், வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெற்பயிரின்மேல் அகழ் எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் கண்முன்னே சாய்ந்ததைச் சொல்லி அழுதனர் உழவர். எவர் பக்கம் எவ்வளவு நியாயம் என்று ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. அந்த எந்திரம் தரும் மின்சாரத்தில் விளக்கேற்றிப் பயணக் கட்டுரை எழுதும் நமக்கு அந்த அழுகை கேட்டதா என்பதே இங்கு எழும் கேள்வி.

நம்மையும் விலக்கிக்கொள்ள விரும்பவில்லை. வெளியூரிலிருந்து உறவினரோ அருட்பணியாளரோ வந்தால் சுரங்கத்தைக் காட்ட அழைத்துப் போவது நம் வழக்கம். பள்ளத்தின் ஆழத்தையும் எந்திரத்தின் உயரத்தையும் பெருமையோடு சொல்லியிருக்கிறோம். கீழிருந்து மேலெழும் நீரழுத்தத்தை இறைத்துக் குறைத்தே சுரங்கம் நடக்கிறது என்று விளக்கியிருக்கிறோம். பெயர்க்கப்பட்டோர் வாழும் ஒரு குடியிருப்புக்கு அவர்களில் ஒருவரையும் அழைத்துப் போனதில்லை. சொந்த ஊரிலேயே நாம் சுற்றுலாப் பயணிகளாக வாழ்ந்திருக்கிறோம். கொலோனில் நம் கண் திறக்காததற்குக் காரணம் அங்கே இல்லை. இங்கிருந்து எடுத்துப்போன கண்ணே அப்படிப்பட்டது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பொதுவான இல்லமாகிய பூமியைப் பற்றிச் சுற்றுமடல் எழுதியபோது அதை நம் பங்குகளில் படித்தோம். படித்ததை நம் பள்ளத்தின் விளிம்பில் நின்று எண்ணிப் பார்த்தோமா?

வழி தவறிய இடம்

இக்கட்டுரைகளில் நம்மை மகிழ்வித்த பகுதிகளையும் சொல்லாவிட்டால் திறனாய்வு முழுமையாகாது. பெரும்பாலும் அவை எழுதியவர் வழி தவறிய இடங்களே.

ஒரு முதிய தாய் எழுதியிருந்தார். நிலையத்தில் மகளும் மருமகனும் ஏறிய வண்டியின் கதவு மூடிக்கொண்டது. இவர் நடைமேடையில் தனியே நின்றுவிட்டார். மொழி தெரியாது. கையில் தொலைபேசியும் இல்லை. அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தலைமுக்காடிட்ட பெண் ஒருவர், துருக்கிய நாட்டவர், வேலையை நிறுத்திவிட்டு வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வண்டியில் மகள் திரும்பி வரும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். தாம் வைத்திருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. இது அந்தக் கட்டுரையில் நான்கே வரி. அதற்கு முன்னும் பின்னும் பேராலயம் பற்றிய செய்திகள், சுற்றுலா ஏட்டிலிருந்து எடுத்தவை, மூன்று பக்கம்.

நாம் அந்த நான்கு வரிகளை மீண்டும் மீண்டும் படித்தோம். பணம் கொடுத்துப் பார்க்க வந்தவராக இருந்தவரை அந்தத் தாய்க்கு அந்த நாடு ஒரு காட்சி. வண்டி தவறிய கணத்தில் அவர் பிறர் தயவில் நிற்கும் விருந்தினர் ஆனார். அப்போதுதான் அந்த நாட்டில் ஒரு மனிதரை முதன்முதலாகக் கண்டார். தொழிலாளரை வரவழைக்க ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்தது 1961-இல். நம் மண்ணில் நிலக்கரி வெளிப்பட்ட அதே ஆண்டு. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் வழி வந்தவர் ஒருவர், ஊர் தெரியாமல் நின்றவரின் கையைப் பிடித்திருக்கிறார். வழித்துணையாக வந்தவர் யார் என்று தோபியாவுக்கும் தெரியவில்லை அல்லவா?

பேராலயத்தின் உயரத்தை எந்த ஏட்டிலும் காணலாம். அந்த அரை ரொட்டியை அந்தத் தாய் எழுதியிராவிட்டால் உலகில் எவரும் அறிந்திருக்க முடியாது. நான்கு வரியை மூன்று பக்கமாக்கி, மூன்று பக்கத்தை நான்கு வரியாக்கியிருந்தால் அது தமிழின் நல்ல பயணக் கட்டுரைகளுள் ஒன்றாக நின்றிருக்கும் என்று துணிந்து சொல்லுவோம்.

எழுதப்போவோருக்கு

வரும் கோடையிலும் நம்மவர் பலர் பயணம் புறப்படுவர். திரும்பி வந்து எழுதவும் செய்வர். அவர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். ஏட்டில் உள்ளதை ஏட்டிலேயே விட்டுவிடுங்கள். நாள் ஒன்றுக்கு ஒரு மனிதரையாவது கண்டு, அவருடைய தொழில் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டு வாருங்கள். நம் தொழிலைச் செய்வோர் அந்த நாட்டில் எப்படி வாழ்கின்றனர் என்பதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஆசிரியரானால் ஒரு பள்ளி, செவிலியரானால் ஒரு மருத்துவமனை, சுரங்கத் தொழிலாளரானால் ஒரு சுரங்கம். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் கோயிலில் பின்வரிசையில் அமர்வோர் யார் என்று பாருங்கள். ஒப்பிட விரும்பினால், முதலில் நம் ஊரில் அதே பொருளைச் சென்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நம் வாசகர் குழுவும் தன் பங்குக்கு ஒரு முடிவு செய்திருக்கிறது. அடுத்த கூட்டம் நகரியத்தில் நடைபெறாது. சுரங்கத்திற்கு நிலம் தந்து பெயர்ந்தோர் வாழும் ஒரு குடியிருப்பில், அவர்கள் இசைந்து அழைத்தால், அவர்கள் திண்ணையில் கூடுவோம். பழைய ஊரின் பெயரையும், அதன் குளம் இருந்த திசையையும், அங்கே அறுவடை எப்படி நடந்தது என்பதையும் சொல்லச் சொல்லிக் கேட்போம். பேருந்தில் அரை மணி நேரத் தொலைவு. கடவுச்சீட்டு வேண்டியதில்லை. போய்வந்தபின் நம்முள் ஒருவர் அதை எழுதுவார். அந்த முதிய தாயையே எழுதக் கேட்டிருக்கிறோம். அவர் இசைந்திருக்கிறார்.